பரத் அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தான்

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பம் ஒன்றில் அனிதா இருக்கிறாள். முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். விடிந்ததும் ஏரியில் இறங்கி, ஆழமில்லாத இடமாகப் பார்த்து மார்பளவு தண்ணீரில் குந்திக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போட ஓலைப் பறி ஒன்று உண்டு. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் அந்தப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். அவளோடு வரும் மற்றப் பெண்களும் அப்படித்தான். வாயில் கயிறு இருக்கும்வரை யாரும் யாரோடும் பேச முடியாது. அதனாலேயே அந்த வேலை தனக்குச் சரிப்பட்டு வருகிறது என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

அவள் கணவன் பரத் ராணுவத்தில் டாங்கிப் படையில் இருந்தான். கன்னர் வேலை. டாங்கிக்குள் மூன்று பேர் இருப்பார்கள்: உத்தரவு கொடுக்கும் கமாண்டர், வண்டியை ஓட்டும் டிரைவர், குண்டு சுடும் கன்னர். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், ராஜஸ்தானில் பயிற்சிக்குப் போயிருந்தபோது, விடியற்காலைப் பனிமூட்டத்தில் அவனுடைய டாங்கி கால்வாய்க் கரைமேல் போய்க்கொண்டிருந்தது. கரை சரிந்தது. டாங்கி கவிழ்ந்தது. கமாண்டருக்குத் தோள் எலும்பு உடைந்தது. முன்னால் உள்ளே உட்கார்ந்திருந்த டிரைவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பரத் தன் பக்கத்து மூடியைத் திறந்து இடுப்புவரை வெளியே நின்றிருந்தான். அவன் அங்கேயே இறந்துபோனான். விசாரணை நடந்தது. மழையில் ஊறிய கரை, யார்மீதும் தப்பில்லை என்றார்கள்.

உடல் பெட்டியில் வந்தது. மேலே தேசியக் கொடி. திறக்க வேண்டாம் என்று கூட வந்த ராணுவக்காரர்கள் மெல்லச் சொன்னார்கள். பரத்தின் தகப்பனார் ராஜேந்திரன் மருமகளைப் பார்த்தார். அனிதா, "வேணாம் மாமா" என்றாள். அவ்வளவுதான். அவள் அழவில்லை. "அழுதுடுடீ, நெஞ்சு வெடிச்சிடும்" என்று குப்பத்துப் பெண்கள் முதுகில் அடித்துப் பார்த்தார்கள். அப்போதும் அழவில்லை. வந்த சிப்பாய்களுக்கு யாராவது டீ கொடுத்தார்களா என்று கேட்டாளாம். அதை அந்தப் பெண்கள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், சிலர் பெருமையாக, சிலர் வேறு மாதிரி.

அவளுடைய அம்மா வீடு தடாவில். வந்துவிடு என்று கூப்பிட்டார்கள். "எங்க இருந்தாலும் ஒண்ணுதான்" என்று சொல்லி மாமனார் வீட்டிலேயே இருந்துவிட்டாள். பென்ஷன் வருகிறது. ஏரியில் இறங்கியே ஆகவேண்டும் என்ற நிலை இல்லை. ஆனாலும் இறங்கினாள்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். என் பெயர் நீலமேகம். பொன்னேரி நீதிமன்றத்தில் தட்டச்சர். வீட்டில் ஓய்வு நேரத்தில் பிளாஸ்டிக் டாங்கிகள் செய்வேன். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் துண்டு துண்டாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்ட வேண்டும். நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. அதில் வரும் மனிதன் என் சுண்டுவிரல் உயரம் இருப்பான். டாங்கி செய்வது எளிது, இரும்பு ஏமாற்றாது. கஷ்டம் எல்லாம் அந்தச் சுண்டுவிரல் மனிதர்களிடம்தான். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் இருந்தவனுக்கு இன்றைய புள்ளிபோட்ட உடையை மாட்டிவிட்டால், தெரிந்தவன் பார்த்த உடனே சிரித்துவிடுவான். ஒருமுறை கண்காட்சியில் அப்படி ஒருவர் சிரித்தார். அதிலிருந்து எந்த வருடம், எந்தப் பருவம், எந்த இடம் என்ற மூன்றும் தெரியாமல் நான் பொம்மைக்குச் சட்டை தீட்டுவதில்லை. என் மனைவி இதை வியாதி என்பாள்.

போன ஐப்பசியில் சின்னதம்பி என்னைத் தேடி வந்தார். அனிதாவின் குப்பத்துக்கு வார்டு மெம்பர். குப்பத்தில் புதிதாகப் படிப்பகம் ஒன்று கட்டியிருக்கிறார்கள், அதற்குப் பரத்தின் பெயரை வைக்கப்போகிறார்கள், உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அவன் ஓட்டிய டாங்கி மாதிரி ஒன்று வைக்கவேண்டும், ஆட்களோடு. அதுதான் அவர் கேட்டது. பரத் டாங்கி ஓட்டவில்லை, சுட்டான் என்று நான் திருத்தினேன்.

"சரி சார், சுட்டாரு. மூணு பேரும் வேணும். அதுல பரத் யாருன்னு பாத்தவுடனே தெரியணும்" என்று சொல்லிப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். அணிவகுப்பு உடையில் பரத். மடிப்புக் கலையாத சட்டை, கறுப்பு வட்டத் தொப்பி, நெஞ்சில் பதக்கப் பட்டை, மீசை. "இதே டிரஸ்ஸைப் போட்டுடுங்க. மெடலு மட்டும் நல்லா தெரியட்டும்."

"இந்த உடையில யாரும் டாங்கிக்குள்ள இறங்கமாட்டாங்க. கிரீஸ் ஒட்டிடும்."

"யாரு சார் பாக்கப் போறா?"

நான் பார்ப்பேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வீட்டாரைக் கேட்டுவிட்டுத் தீட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஆரம்பாக்கம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் குப்பத்துக்குப் போனேன். ராஜேந்திரன் வாசலில் நண்டுவலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே பார்த்து, "யம்மா, பெட்டியைக் காட்டு" என்றார். அனிதா அப்போதுதான் ஏரியிலிருந்து வந்திருந்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டியை இழுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் பாயில் பரப்பினாள். கடையில் துணி எடுத்துக் காட்டுகிறவளைப் போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

அணிவகுப்பு உடை ஒன்று. புள்ளிபோட்ட சண்டை உடை இரண்டு. கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியாகத் தைத்து முன்னால் ஜிப் வைத்த கறுப்பு உடை ஒன்று. டாங்கிக்காரர்கள் அதை டங்கரி என்பார்கள். வட்டத் தொப்பி, பெல்ட், பூட்ஸ். எல்லாம் துவைத்து மடித்தவை. பட்டாளத்தில் யாரோ துவைத்து அனுப்பியிருக்கிறார்கள். அவன் கடைசியாக உடுத்தியிருந்தது அதில் இல்லை.

நான் போனில் மூன்று படங்களைத் தயாராக வைத்திருந்தேன். கறுப்பு டங்கரி போட்ட டாங்கிக்காரர், புள்ளி உடை போட்டவர், சின்னதம்பி கொடுத்த படம். இதில் எது மாதிரி செய்யலாம் என்று கேட்டேன்.

அவள் மூன்றையும் பார்த்தாள். "எதுனா ஒண்ணு போடுங்க சார். பொம்மைதானே."

"அவர் வழக்கமா வேலைநேரத்துல எது போடுவாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? வூட்டுக்கு வந்தா லுங்கிதான்."

ராஜேந்திரன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "லீவுல வந்தா சட்டைகூடப் போடமாட்டான். நைனா, நம்ம ஊரு மாதிரி வராதும்பான்" என்றார். அனிதா துணிகளை அதே மடிப்போடு பெட்டியில் அடுக்கினாள். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். கறுப்பு டங்கரியே போட்டுவிடலாம் என்று முடிவு செய்து என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பெரும்பாலான படங்களில் அதுதான் இருக்கிறது. தப்பாகாது என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து, நீதிமன்றத்தில் சாப்பாட்டு வேளையில் போன் வந்தது.

"சார், நான் அனிதா பேசறேன். குப்பத்துலருந்து."

"சொல்லுங்கம்மா."

"அந்தக் கறுப்பு டிரஸ்ஸு, அது ஒத்தைத் துணிதானே. உள்ள லைனிங் ஒண்ணும் இல்ல. மார்கழி தை மாசம் அந்த ஊருல அதை மட்டும் போட்டுக்கினா குளிராது?"

வருடமும் இடமும் பார்த்தேன், பருவத்தை விட்டுவிட்டேன். என் சட்டத்தை நானே மீறியிருக்கிறேன்.

"குளிரும்மா. மேல ஏதாவது போட்டிருப்பாங்க. இல்லன்னா உள்ள. எனக்குத் தெரியல."

"ஏரியில இறங்கும்போது நெனச்சேன். அதான் கேட்டேன்." அவள் குரலில் ஒன்றும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அன்னைக்கு அவர்கூட இருந்தவங்க யாரையாவது தெரியுமா?"

"அந்த டாங்கி டிரைவரு பெட்டிகூட வந்தாரு. சாம்சன்னு பேரு. நம்பர் குடுத்துட்டுப் போனாரு. நான் பேசினதில்ல."

"பேசிப் பாக்கலாமே."

"நீங்க பேசுங்க சார்" என்றாள். "இன்னா டிரஸ்ஸுன்னு கேக்கறதுக்கு நான் எப்டி பேசறது?"

அடுத்த வாரம் ராஜேந்திரனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு பொன்னேரிக்கு வந்தவள், அவரை அங்கே வரிசையில் உட்காரவைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மேஜையில் டாங்கி பாதி முடிந்த நிலையில் இருந்தது. பக்கத்தில் மூன்று பொம்மைகள், இன்னும் வண்ணம் தீட்டாத சாம்பல் பிளாஸ்டிக். பெட்டியில் வந்தவை வெளிநாட்டுக்காரர்கள். முகத்துக்கு இளஞ்சிவப்பு அடிக்கவேண்டும் என்று குறிப்புத்தாளில் போட்டிருக்கும்; நான் அதைப் படிப்பதே இல்லை. அனிதா ஒரு பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். அவள் போனில் இருந்த நம்பரைப் பார்த்து என் போனில் அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

சாம்சன் பட்டாளத்திலிருந்து வந்து குடியாத்தம் பக்கம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. நான் யார், எதற்காகப் பேசுகிறேன் என்று சொன்னேன். இன்ஜின் நின்றது.

"பரத் அண்ணனுக்கா?" என்றான். "என்ன டிரஸ்ஸுன்னா, எப்ப போட்டதைக் கேக்கறீங்க சார்? பரேடுக்கா, பயிற்சிக்கா?"

நான் அனிதாவைப் பார்த்தேன். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குப் போட்டிருந்தது."

அவன் சொல்ல ஆரம்பித்தான். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவனைப் போல, நிறுத்தாமல் சொன்னான்.

"மேல டங்கரி, கறுப்பு. அதுக்குள்ள ரெண்டு ஸ்வெட்டர் சார். ஒண்ணு பட்டாளத்துல குடுத்த பச்சை. இன்னொண்ணு அவரே வாங்கினது, மெரூன் கலரு, கழுத்துவரைக்கும் வரும். அது வெளிய தெரியும். ஜிப்பை மேல வரைக்கும் இழுக்கமாட்டாரு, கழுத்தை இறுக்குதும்பாரு. காலுக்கு ரெண்டு சாக்ஸ். அதனால பூட்ஸ் லேஸை லூசாத்தான் கட்டுவாரு."

"தலையில? பஞ்சு வெச்ச ஹெல்மெட்தானே?"

"அதான் சார் போடணும்." தயங்கினான். "மங்கி குல்லா போட்டிருந்தாரு. காப்பிக்கொட்டை கலரு. அதுக்கு மேல ஹெல்மெட் ஏறாது. கமாண்டர் சாப் தினம் இந்தியில திட்டுவாரு. வெயில் வந்ததும் கழட்டிடறேன் சாப்னு இவரு சொல்லுவாரு. கடலோரத்து ஆளு சார், அந்தக் குளிரு அவருக்குப் பழகவே இல்ல. நாங்கல்லாம் சிரிப்போம்."

"கையில?"

"கிளவுஸ். அதுவும் ஜோடி இல்ல. அவருது ஒரு கை தொலைஞ்சுபோச்சு. நான் உள்ள இருக்கறவன், இன்ஜின் சூடு கொஞ்சம் வரும், எனக்கு அவ்வளவா வேணாம்னு என்னுது ஒண்ணைக் குடுத்தேன். வலது கையில அவரோட தோல் கிளவுஸ், இடது கையில என்னோட கம்பளி கிளவுஸ், சாம்பல் கலரு. அது அவர்கிட்டயேதான் இருந்துச்சு."

நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதினால் மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. மறந்துபோகவும் வழியில்லை.

அப்போது அனிதா குனிந்து போன் பக்கம் முகத்தைக் கொண்டுபோனாள். "நான் அனிதா" என்றாள்.

"அண்ணி" என்றான் சாம்சன்.

"ஹெல்மெட் போட்டிருந்தா?"

"இல்ல அண்ணி. நாப்பது டன் வண்டி. எது போட்டிருந்தாலும் ஒண்ணுதான்."

"காலையில எதுனா சாப்டாரா?"

"டீ குடிச்சோம். ரஸ்க் இருந்துச்சு. அவரு என்னுதையும் சேத்துச் சாப்டாரு."

அவள் யோசித்தாள். "முகம்?"

"முகத்துக்கு ஒண்ணும் ஆகல அண்ணி" என்றான். "குல்லா அப்படியே இருந்துச்சு."

"சரி" என்றாள் அனிதா. பிறகு, "வூட்ல எல்லாம் நல்லாக்கீறாங்களா?" என்று கேட்டாள். நல்லாயிருக்கிறார்கள் என்றான். "வெச்சிடறேன்" என்று சொல்லி, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் என்னிடம் போனை நீட்டினாள்.

முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவன் சொன்னது நிஜமா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவளும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அனிதா அதை ஆறவிட்டுக் குடித்தாள். "அப்போ அந்த மாதிரியே போட்டுடுங்க சார்" என்றாள்.

"குல்லாவோடயா?"

"அதான் போட்டிருந்தாருன்னு சொல்றாரே."

மாமனாரைக் கூட்டிப்போக நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்த ஆறு வருசமா அந்த ஃபோட்டோ டிரஸ்ஸோடதான் சார் அவரு விழுந்த மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "வேற டிரஸ்ஸு எனக்குத் தெரியாதே." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பொம்மையின் தலையைக் கத்தியால் சீவினேன். மாவுபோல் பிசைந்து வைத்தால் இறுகிக் கல்லாகும் பசை ஒன்று உண்டு. அதில் குல்லா செய்து, முகம் மட்டும் தெரியும்படி சுற்றினேன். பின்னலாகத் தெரிய ஊசியால் கோடு கோடாகக் கீறினேன். முதல் குல்லா பெரிதாகிவிட்டது. பூசணிக்காய் மாதிரி இருந்தது. பிய்த்துவிட்டு மறுபடி செய்தேன். கறுப்பு உடைக்கு வெறும் கறுப்பு அடித்தால் பொம்மை செத்துப்போய்விடும். கொஞ்சம் நீலமும் சாம்பலும் கலந்து, முட்டியிலும் முழங்கையிலும் வெளுக்கவிட்டேன். கழுத்தில் மெரூன் ஒரு நூலளவு. வலது கை பழுப்பு, இடது கை சாம்பல். பூட்ஸ் லேஸ் தளர்வாக இருப்பதை இந்த அளவில் காட்ட முடியாது. டாங்கி மூடிக்குள் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவும் தெரியாது. இருந்தாலும் பூட்ஸையும் தீட்டினேன்.

படம் எடுத்து அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். மறுநாள் பதில் குரலாக வந்தது. "முகம் அவரு இல்ல சார். பரவால்ல, யாரா இருந்தாலும் சரி. அவரு இவ்ளோ கறுப்பு இல்ல." முகத்தை ஒரு சாயல் வெளுப்பாக்கினேன். கமாண்டருக்கு ஒழுங்கான டங்கரியும் ஹெல்மெட்டும் போட்டேன். டிரைவர் தலை மட்டும் முன்னால் தெரியும்; சாம்சன் ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் ஓட்டுவானாம், அப்படியே செய்தேன்.

திறப்புவிழா ஜனவரியில், பரத் இறந்த தேதியில் வைத்திருந்தார்கள். முதல் நாளே டாங்கியை எடுத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டியில் பொருத்தினேன். சின்னதம்பி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"இன்னா சார் இது? ஏடிஎம் வாட்ச்மேன் மாதிரிக் கீறாரு!"

நான் விளக்கினேன். அவருக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. "நாளைக்குப் பெரிய ஆளுங்கல்லாம் வராங்க. பசங்க பாக்கும். தியாகி சார் இவரு. மங்கி குல்லாவோட நிக்க வெச்சா ஊரே சிரிக்கும். அந்தக் குல்லாவை மட்டும் தொப்பியா மாத்த முடியாதா? கறுப்புப் பெயிண்ட் அடிங்க போதும்."

யாரோ போய்ச் சொல்லி அனிதாவும் ராஜேந்திரனும் வந்தார்கள். அனிதா நேராக ஏரியிலிருந்து வந்திருந்தாள். புடவையிலிருந்து சிமெண்ட் தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ராஜேந்திரன் கண்ணுக்கு மருந்து போட்டிருந்ததால் முகத்தைப் பெட்டியோடு ஒட்டவைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"குளிரு தாங்கமாட்டான்" என்றார். "சின்னதுலருந்தே."

சின்னதம்பி அனிதாவிடம், "நீயே சொல்லும்மா, நல்லாவா கீது?" என்றார்.

"குளிருச்சு, போட்டுக்கினாரு. அவ்ளோதான்ணே."

"அது சரிம்மா, ஆனா பாக்கறவங்களுக்கு…"

"மாத்தறதா இருந்தா அந்த ஒரு பொம்மையை எங்கிட்ட குடுத்துடுங்க. அந்த எடத்துல வேற யாரையாவது நிக்க வைங்க."

குரலை உயர்த்தவில்லை. சண்டைக்கு நிற்கிறவளாகவும் தெரியவில்லை. மீன் விலை படியவில்லை என்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி நின்றாள். சின்னதம்பி தலையைச் சொறிந்தார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: அணிவகுப்பு உடைப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டிவிடலாம், வருகிறவர்கள் அதைப் பார்க்கட்டும். "பொம்மையை எவன் உத்துப் பாக்கப் போறான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பிரேம் போடக் கும்மிடிப்பூண்டிக்கு ஆளனுப்பினார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. வந்தவர்கள் நாடா வெட்டினார்கள், படத்துக்கு மாலை போட்டார்கள், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார்கள். ஒருவரும் குல்லாவைப் பற்றிக் கேட்கவில்லை. அனிதாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பேச்சுகள் முடிந்து பந்தல் காலியானபோது அவள் பக்கத்தில் போய் நின்றேன். என்ன கேட்பதென்று தெரியாமல், "எப்படிம்மா இருக்கு?" என்றேன். எதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"அழுகை வருமோன்னு பாத்தேன் சார். வரல" என்றாள். "பசிக்குது. சாப்பாடு ஆரம்பிச்சிட்டாங்களா?"

இருவரும் போய்ச் சாப்பிட்டோம். இறால் தொக்கும் கத்தரிக்காயும். நன்றாகச் சாப்பிட்டாள்.

அதன் பிறகு நான் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருமுறை ஏதோ வழக்கு விஷயமாக நீதிமன்றத்துக்கு வந்தவள் சொன்னாள்: அனிதா வருகிறாளாம். காற்று அதிகமாகி ஏரியில் இறங்க முடியாத நாள்களில் வந்து பேப்பர் படிப்பாளாம். கண்ணாடிப் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்காருவாளாம். ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, வெளிச்சத்துக்காகவும் இருக்கலாம் என்றாள் அந்தப் பெண். தடாவிலிருந்து அம்மா வந்து வேறு கல்யாணத்தைப் பற்றி மறுபடி பேச்செடுத்ததாகவும், அனிதா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை என்றும் கேள்வி.

போன மாதம் பொன்னேரி ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே மாமனாருக்குக் கண் மருந்து. கும்மிடிப்பூண்டி வண்டிக்காக நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். எப்படி இருக்கீங்க என்றதற்கு நல்லாயிருக்கேன் என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"சாம்சனுக்குக் கொழந்தை பொறந்திருக்குது சார். பொண்ணு. இப்போல்லாம் அவரு சம்சாரம் போன் பண்ணுது. சர்ச்சுல பேரு வைக்கறதுக்கு வரச் சொல்றாங்க."

"போறீங்களா?"

"குடியாத்தம் எங்க கீதுன்னே தெரியல. சென்ட்ரல்ல போய் வண்டி மாறணுமாம்." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நான் வெளிய தெருவ எங்கயும் போனதில்ல. எதுனா வாங்கினு போவணும் இல்ல, கொழந்தைக்கு? இன்னா வாங்கறதுன்னும் தெரியல."

கவுன் வாங்கலாம், கொலுசு வாங்கலாம் என்று நான் இரண்டு மூன்று சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டாள். வண்டி வந்துவிட்டது. கூட்டத்தில் ஏறி, உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். ஜன்னல் வழியாக என்னிடம், "அந்தப் பக்கம் ரொம்ப வெயிலாமே சார், வேலூரு சைடு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வண்டி கிளம்பியது.